வேலை சோழிங்கநல்லூரில், வீடு எங்கே?

சென்னையில் வாடகை வீடு தேடும் நாள் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாள்களை ஆபீஸும் பஸ்ஸும் எடுத்துக்கொண்டுவிடுகின்றன. காலை ஒன்பது மணிக்கே ஓ.எம்.ஆர். என்னும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய தெருக்களில் புரோக்கரின் பைக் முன்னால் போக, இன்னொரு பைக்கில் இரண்டு பேர் அதைத் தொடர்ந்து போவதைப் பார்க்கலாம். துரைப்பாக்கம், காரப்பாக்கம், செம்மஞ்சேரி, நாவலூர் என்று மதியத்துக்குள் ஏழெட்டு வீடு பார்த்தாக வேண்டும். பிடித்துப்போனால் அங்கேயே ஐயாயிரமோ பத்தாயிரமோ டோக்கன் அட்வான்ஸ். சாயங்காலம் வரை யோசித்தால் அந்த வீடு இருக்காது. மறுநாள் காலை ஆபீஸ் லிஃப்டுக்குப் பக்கத்தில் நடக்கும் பேச்சும் அதுதான்: "வீடு செட் ஆச்சா?"

வேலையின் அலுப்பு வேறு, வீடு கிடைக்காத அலுப்பு வேறு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சென்னையின் ஐ.டி. சாலையில் வாழ்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே முடிச்சு. வேலை கொடுப்பவர் ஆள் எங்கே தங்குவார் என்று பார்ப்பதில்லை. வீடு கொடுப்பவர் அவர் என்ன நேரத்தில் வேலை பார்க்கிறார் என்று பார்ப்பதில்லை. இந்த இரண்டு அலட்சியங்களுக்கான செலவையும் சம்பளக்காரரே கட்டுகிறார்.

இது எப்படி வந்தது என்பது அந்தச் சாலையின் கதையிலேயே இருக்கிறது. தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-இல். அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக, சிறுசேரி சிப்காட் வரை கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அந்த ஊர்களில் பல அப்போது ஊராட்சிகளாகவும் பேரூராட்சிகளாகவும் இருந்தன. 2011-இல்தான் சோழிங்கநல்லூர் வரையிலான பகுதி சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆபீஸ்கள் முதலில் வந்தன. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பின்னால் மெதுவாக வந்தன, சில தெருக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இத்தனை ஆயிரம் பேர் தங்குவதற்கான இடத்தைத் திட்டமிட்டவர் எவருமில்லை. அந்தப் பொறுப்பு அந்தந்தத் தெரு வீட்டுக்காரர்களிடமும் புரோக்கர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

முதல் அடி பணத்தில் விழுகிறது. இருபதாயிரம் ரூபாய் வாடகையில் ஒரு டபுள் பெட்ரூம் வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் என்றால் இரண்டு லட்சம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை முன்கூட்டியே. ஆக, பாலைக் காய்ச்சும் முன்பே 2,40,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு அவ்வளவு பணம் ஏது? ஊரில் அப்பா நகையை அடகு வைக்கிறார், அல்லது நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடிக்கிறார்கள். நான்கு பேர் என்றதும் "பேச்சுலர்ஸுக்கு விடறதில்லை தம்பி" என்று கதவு சாத்தப்படுகிறது.

சட்டம் இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தமிழ்நாடு அரசு 2017-இல் புதுச் சட்டம் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்த ஒரு விலக்கு வழியாகத்தான் ஆறு மாதமும் பத்து மாதமும் உள்ளே வருகின்றன. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்?

அதே சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் வீட்டுக்காரரின் வேலைகளில் சேர்க்கிறது. குழாய்க்கு வாஷர் மாற்றுவது குடியிருப்பவரின் பாடு. நடைமுறையில், காலி செய்யும்போது பெயின்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதே வழக்கம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதிய வேண்டும் என்பதும் விதி. தெருவில் நடப்பதோ முத்திரைத்தாளில் பதினொரு மாத அக்ரிமென்ட். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்காக உண்டான பழக்கம் இது. புதுச் சட்டம் வந்த பிறகும் போகவில்லை.

ஆபீஸும் வீடும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்று ஜனவரி மாதத்தில் வரும். வருமான வரியில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்பவர்கள் (பழைய வரி முறையில் மட்டுமே அது உண்டு) ரசீதைக் காட்ட வேண்டும். வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பேன் எண்ணையும் தர வேண்டும். ஆபீஸிலிருந்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் வரும். வீட்டுக்காரர், "முதல்லயே சொன்னேனே, பேன் நம்பரெல்லாம் கேக்கக் கூடாதுன்னு" என்பார். இரண்டு பேருமே தங்கள் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் நிற்பவருக்கு அந்த மாதச் சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிக்கப்படுகிறது.

வீடு பார்க்கப் பழகியவர்கள் ஹாலின் அகலத்தை அப்புறம்தான் பார்க்கிறார்கள். முதலில் சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் வைத்துப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் போர் தண்ணீர். அடுத்த கேள்வி, "மெட்ரோ வாட்டர் வருதா, லாரியா?" லாரி என்றால் மெயின்டனன்ஸ் தொகை கோடையில் ஏறும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை இவர்கள் மறக்கவில்லை. ஆபீஸில் தண்ணீர் இல்லையென்று அனுப்பப்பட்ட வீட்டிலும் தண்ணீர் இல்லை.

வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் போனால் கேள்வி மாறும்: "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு?" வெள்ளம் என்ற சொல்லைச் சொல்லவே வேண்டியதில்லை. சில வீட்டுக்காரர்கள் நேர்மையாக வாசற்படியைக் காட்டுவார்கள். சொல்லாதவர்களின் வீட்டில் ஈ.பி. மீட்டர் சொல்லிவிடும். பழைய மீட்டர் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் இருக்க, புது மீட்டர் ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றப்பட்டிருந்தால், தண்ணீர் அங்கே வந்து போயிருக்கிறது என்று பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இப்படி ஏறிய மீட்டர்கள் இன்னும் கூடின.

பெண்களுக்கு இத்தனைக்கும் மேல் ஒரு கேட் இருக்கிறது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் குழுவில் இருப்பவருக்கு ஷிஃப்ட் முடிய நள்ளிரவு தாண்டும். கம்பெனி கேப் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும். இரவில் பெண் ஊழியர் வரும் வண்டியில் காவலரையும் ஏற்றி அனுப்பும் கம்பெனிகள் உண்டு. ஆனால் வீட்டில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"நாங்க ஒன்பதரைக்கே படுத்துடுவோம்மா. பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிடுவோம்."

"ஆன்ட்டி, என்கிட்ட ஒரு சாவி குடுத்துட்டீங்கன்னா சத்தமில்லாம வந்துடுவேன்."

"அக்கம்பக்கத்துல கேப்பாங்களேம்மா."

வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் எல்லாம் ஒத்துவந்த வீடு இந்த ஒரு வரியில் கைவிட்டுப் போகிறது. சம்பளத்தை மிச்சம் பிடித்துத் தங்கையைப் படிக்க வைக்கும் பெண், ஒரு அறையில் நான்கு கட்டில் போட்ட பி.ஜி. ஹாஸ்டலுக்குத் திரும்புகிறார்.

வெளிப்படையாகச் சொல்லப்படாத கேள்வியும் ஒன்று உண்டு. சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, அசைவம் சாப்பிடுவீர்களா என்று சுற்றி வந்து அது சாதியிலோ மதத்திலோ நிற்கும். டெல்லி வட்டாரத்தில் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் வெளியானது. தொலைபேசியில் வீடு கேட்டவர்களில் மேல்சாதிப் பெயர் சொன்ன ஒருவரையும் வீட்டுக்காரர்கள் மறுக்கவில்லை. தலித் பெயர் சொன்னவர்களில் 18 சதவீதம் பேரும், முஸ்லிம் பெயர் சொன்னவர்களில் 31 சதவீதம் பேரும் மறுக்கப்பட்டார்கள். சென்னையில் பெயரைச் சொன்னதும் "இப்பதான் ஒருத்தர் டோக்கன் குடுத்துட்டுப் போனார்" என்ற பதிலைக் கேட்டவர்களுக்கு இந்த எண்களில் புதுமை எதுவும் இல்லை. ஆபீஸில் மறுக்கப்பட்டவரின் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அதே சம்பளம், அதே அடையாள அட்டை. அவருக்கு மட்டும் அந்த வீடு கிடைக்கிறது.

இத்தனையும் கடந்து குடியேறிய பிறகு ப்ராஜெக்ட் மாறும். சிறுசேரிக்குப் பக்கத்தில் வீடெடுத்தவரை மணப்பாக்கம் கட்டடத்துக்கு வரச் சொல்வார்கள், வாரம் மூன்று நாள் கட்டாயம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தடுப்பு போட்ட சாலைகளில் அந்தத் தூரம் அரை நாளைத் தின்றுவிடும். வீட்டை மாற்றலாம் என்றால், பழைய அட்வான்ஸ் திரும்பி வருவதற்குள் புது அட்வான்ஸ் கட்ட வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் தொகையைத் திருப்பித்தர வேண்டும் என்கிறது சட்டம்; "அடுத்த ஆள் வரட்டும்" என்கிறது வழக்கம்.

தங்குமிடத்தையும் வேலையின் ஒரு பகுதியாக எண்ண முடியாதா? முடியும் என்பதற்குச் சான்று அதிகத் தூரத்தில் இல்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடுதி உணவு நஞ்சாகி, மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் திறந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் 'தோழி' விடுதிகளும் பல ஊர்களில் இருக்கின்றன. ஆலைப் பெண்கள் சாலைக்கு வந்து சொன்ன பிறகுதான் வல்லம் வடகால் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஓ.எம்.ஆரில் இன்னும் யாரும் சாலைக்கு வரவில்லை. வர வேண்டிய நிலை வருவதற்கு முன்பே செய்யக்கூடியவை இருக்கின்றன.

கம்பெனிகள் புதிதாகச் சேர்பவருக்கு முதல் மாதம் தங்க இடமும், அட்வான்ஸுக்கு வட்டியில்லாக் கடனும் தரலாம். ஷிஃப்ட் நேரத்தையும் கேப் ஏற்பாட்டையும் விளக்கி, வீட்டுக்காரருக்குத் தமிழில் ஒரு கடிதம் கொடுக்கலாம். அரசு, 'ஒப்புக்கொண்டால் தவிர' என்ற அந்த விலக்கைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு மூன்று மாதத்தை உண்மையான வரம்பாக்கலாம். வாடகை மறுப்பில் சாதிக்கும் மதத்துக்கும் இடமில்லை என்று ஒரு பிரிவைச் சேர்க்கலாம். வீடு தேடுபவர், டோக்கன் கொடுக்கும் முன் பதிவு எண்ணோடு கூடிய ஒப்பந்தத்தையும், பெயின்டிங் கழிவு கிடையாது என்ற வரியையும் எழுதிக் கேட்கலாம். ஒருவர் மட்டும் கேட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும் என்பது உண்மை. அதனால்தான் கேட்பதை ஒரே ஆபீஸில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து தொடங்க வேண்டியிருக்கிறது.