கமிட்டிக்கு எத்தனை தலை?

போன செமஸ்டர் லீவில் ஒரு பிரிட்டிஷ் காமெடி சீரியல் பார்த்தேன். பேர் 'ட்வென்டி ட்வெல்வ்'. ஜான் மார்ட்டன் எழுதி இயக்கியது, 2011-12ல் பிபிசியில் வந்தது. லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு ஏற்பாடு செய்யும் ஒரு ஆபீஸ்தான் கதை. அந்த ஆபீஸில் முக்கியமானவர் எல்லாருமே 'ஹெட்'. கட்டுமானத்துக்கு ஒரு ஹெட், சுற்றுச்சூழலுக்கு ஒரு ஹெட், பிராண்டுக்கு ஒரு ஹெட். எல்லாரும் ரூமில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். வேலை மட்டும் நகராது :-)

முதல் எபிசோடில் கவுன்ட்-டவுன் கடிகாரம் சொதப்பும். அது வந்தது 2011 மார்ச் 14 அன்று. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுநாளே டிரஃபால்கர் சதுக்கத்தில் வைத்திருந்த நிஜ ஒலிம்பிக் கடிகாரம் நின்றுவிட்டது! இன்னொரு எபிசோடில் வெளிநாட்டு விருந்தினர் வந்த பஸ் வழி தெரியாமல் சுற்றும். 2012 ஜூலையில் அமெரிக்க வீரர்கள் வந்த பஸ் நிஜமாகவே சுமார் 4 மணி நேரம் லண்டனைச் சுற்றியது.

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் நம்ம டெல்லி ஞாபகம் வந்தது.

2010 காமன்வெல்த் போட்டி நமக்குக் கிடைத்தது 2003 நவம்பரில். கையில் கிட்டத்தட்ட 7 வருஷம் இருந்தது. கமிட்டிக்கும் துணைக் கமிட்டிக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் தொடங்க 12 நாள் இருக்கும்போது, செப்டம்பர் 21 அன்று, நேரு ஸ்டேடியத்தின் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்தது. 20க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் காயம். வீரர்கள் தங்கும் அறைகள் அசுத்தமாக இருக்கின்றன என்று ஸ்காட்லாந்து அணி பயணத்தையே தள்ளிப்போட்டது. கடைசியில் ராணுவப் பொறியாளர்கள் வந்து ஒரு வாரத்துக்குள் மாற்றுப் பாலம் போட்டுக் கொடுத்தார்கள். நம் வீரர்கள் 101 பதக்கம் வாங்கி மானத்தைக் காப்பாற்றினார்கள்.

டெல்லியைத் திட்டி நாலு பாரா எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. காரணம் இருக்கிறது.

போன வருஷம் எங்கள் காலேஜ் ஸ்போர்ட்ஸ் டே கமிட்டியில் நானும் ஒருத்தன். மொத்தம் 9 பேர், 9 பேரும் ஏதோ ஒன்றுக்கு ஹெட். நான் பப்ளிசிட்டி. நாலு மீட்டிங் போட்டோம். மூன்று மீட்டிங் டி-ஷர்ட் கலருக்கும் லோகோவுக்குமே போய்விட்டது. அன்றைக்குச் சீஃப் கெஸ்ட் லேட். காலை 7 மணிக்கு வைத்திருந்த 5,000 மீட்டர் ஓட்டம் 11 மணிக்குத் தொடங்கியது. மைதானத்தில் ஒரு கேன் தண்ணீர்கூட இல்லை. தினமும் கும்மிடிப்பூண்டி லோக்கலில் என்னோடு வரும் நண்பன் ஒன்பதாவது ரவுண்டில் சுருண்டு விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் அந்த அழகான டி-ஷர்ட்டோடு பக்கத்தில் நின்றேன். "தண்ணிக்கு யார்டா பொறுப்பு?" என்று அவன் அம்மா கேட்டார். "தெரியலைம்மா" என்றேன்.

தெரியும். மீட்டிங் நோட்டு எழுதியது நான்தான். அதில் இப்படி இருந்தது: 'தண்ணீர் - எல்லாரும்'.

அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ராத்திரி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எங்க ஷட்டவுன் லிஸ்ட்ல ஒவ்வொரு வால்வுக்கும் நேரா ஒரு ஆள் பேர் இருக்கும்டா. எல்லாரும்னு எழுதினா யாரும் இல்லைன்னு அர்த்தம்" என்றார். அவ்வளவுதான்.

நண்பன் மறுநாளே தேறிவிட்டான். நோட்டு விஷயத்தை அவன் அம்மாவிடம் போன வாரம்தான் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாப்பிட்டுப் போ என்றார்.

இந்த வருஷமும் கமிட்டியில் இருக்கிறேன். தண்ணீருக்கு நேராக என் பேரை நானே எழுதிக்கொண்டேன். பசங்க 'தண்ணி ஹெட்' என்று ஓட்டுகிறார்கள், ஓட்டட்டும். 600 பேருக்கு 20 லிட்டர் கேன் எத்தனை வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.