கிணற்று நீரும் குறுஞ்சிக்கிலிட்டும்

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கியக் கட்டுரை ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும், இக் கல்லூரியில் மாணவராயும் பின்னர் ஆசிரியராயும் நாம் கழித்த ஆண்டுகளில் எம்மை நன்கு திருத்திய பாடம் ஒன்று, வகுப்பறைச் சாளரத்தருகே இருந்த கண்ணாடித் தொட்டியினுட் கிடந்தது. அதனையே இங்கு எழுதத் துணிந்தோம். வீட்டிலே சிறு தொட்டி வைத்து மீன் வளர்க்க எண்ணுவோர்க்கு இதனாற் பயனுண்டு, ஏனையோர் பொறுத்தருள்வாராக.

2018ஆம் ஆண்டிலே எட்டாந் தர மாணவர் சிலர் வகுப்பில் மீன் வளர்க்க விரும்பினர். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உடைய தொட்டி ஒன்று வாங்கப்பட்டது. அது 55 லீற்றர் நீர் கொள்ளும். செலவுக்கு எல்லாரும் சிறிது சிறிது தந்தனராயினும், ஒரு மாணவன் தன் உண்டியலையே உடைத்துக் கொண்டு வந்தான். கடைக்குச் சென்றோம். பொன்னும் நீலமும் கலந்து மின்னிய சிறு மீன் இணையொன்று எம் கண்ணைப் பறித்தது. றாம் என்னும் குறுஞ்சிக்கிலிட்டு அது. “எந்தத் தண்ணியிலும் நிற்கும்” என்று கடைக்காரர் சொன்னார், நாமும் நம்பினோம். முதல்நாட் கல்லூரிக் கிணற்று நீரை நிரப்பி, மறுநாள் றாம் இணையையும் கப்பி மீன்கள் எட்டினையும் விட்டோம். இரை போடும் பொறுப்பு உண்டியல் உடைத்தவனுக்கு.

ஒன்பதாம் நாள் ஆண்மீன் இறந்து மிதந்தது. பதினோராம் நாள் பெண்மீனும் இறந்தது. நாம் ஆராயவில்லை, வகுப்பின் முன்னிலையில், “நீ இரையை அள்ளிக் கொட்டினாய், அதனாற் செத்தன” என்று அவனைக் கடிந்தோம். அவன் மறுமொழி கூறவில்லை. அடுத்த நாளிலிருந்து அச் சாளரப் பக்கமே அவன் செல்லாமல் விட்டான்.

அதே இரையை உண்ட கப்பிகள் எட்டும் குறைவின்றி நீந்தியதோடு குட்டிகளும் போட்டன. அதனையாவது நாம் கவனித்திருத்தல் வேண்டும், கவனித்தோமில்லை.

மூன்று வாரத்தின் பின் ஆசிரியர் ஓய்வறையில், தேநீர்க் கேத்திலின் உள்ளே படிந்திருந்த வெண்படிவைச் சுரண்டிக்கொண்டிருந்த இரசாயனவியல் ஆசிரியரிடம் பேச்சுவாக்கில் இதனைச் சொன்னோம். அவர் கேத்திலைக் காட்டி, “அந்த மீன் எந்த ஊர்த் தண்ணீருக்குரியது?” என்று ஒரேயொரு வினாவைத்தான் கேட்டார். எமக்கு விடை தெரியாது. அந்த வாரந்தான் நாம் மேல்வகுப்பில் நம்பியகப்பொருளிலே கருப்பொருளை விளக்கியிருந்தோம். குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், மருதத்திற்கு மனைக்கிணறும் பொய்கையும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்கழியும் என, திணைதோறும் நீர் வேறாதலைக் கரும்பலகையிற் பிரித்தெழுதிய கைதான், தன் தொட்டியில் எந்த மீனுக்கு எந்த நீர் என்று எண்ணாமற் போயிற்று.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்தது. மழைநீர் அப்பாறையினூடே இறங்கிக் கல்சியம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டே எம் கிணறுகளைச் சேருகின்றது. சவர்க்காரம் எளிதில் நுரையாத வன்னீர் இது, காரப்பக்கம் சாய்ந்ததுமாகும். றாம் மீனின் பிறப்பிடமோ வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஒறினோக்கோ ஆற்றை அண்டிய புல்வெளிகள். உப்புக்கள் மிகக் குறைந்த, அமிலப்பக்கம் சாய்ந்த மென்னீர் அங்குள்ளது. 1948இலே விஞ்ஞானப் பெயர் பெற்ற இம்மீன் வெப்பத்தை விரும்புவது. 27 முதல் 30 பாகை செல்சியசு வரை அதற்கு உவப்பு. ஆகவே எம் வெயில் அதற்குப் பகையன்று. எம் கிணறே பகை.

வேறொரு பிழையும் செய்திருந்தோம். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. அதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் புதிய தொட்டியிற் குடியேற நான்கு தொடக்கம் ஆறு வாரம் செல்லும். நாம் ஒரு நாளே காத்திருந்தோம். இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. பீ.எச். பெறுமானம் ஓரலகு உயர, நஞ்சாகும் அமோனியாவின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகின்றது. மென்னீரில் ஊறு செய்யாத அளவு கழிவு, எம் கிணற்று நீரிற் கொன்றுவிடும். அம்மாணவன் போட்டதோ, நாம் சொல்லிக் கொடுத்தபடி காலையில் ஒரு சிட்டிகை, பாடசாலை விடும்போது ஒரு சிட்டிகை, அவ்வளவே.

இதன் பின்னரே நாம் முறையாகப் படிக்கத் தொடங்கினோம். சிக்கிலிட்டு என்னும் குடும்பம் எமக்கு அந்நியமானதன்று. மட்டக்களப்பு வாவியிற் பிடிபடும் செத்தல் மீனும், 1952இல் இந்நாட்டுக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் இக்குடும்பத்தினவே. கறிச்சட்டியில் அறிந்த குடும்பத்தின் சிறு கிளையைக் கண்ணாடியினூடே பார்க்கின்றோம், அவ்வளவுதான் வேறுபாடு. நான்கு அங்குலத்துக்கு மேல் வளராதவற்றைக் குறுஞ்சிக்கிலிட்டு என்பர். முட்டையையும் குஞ்சையும் பெற்றோர் காத்து வளர்ப்பதே இவற்றை வளர்ப்போர் பெறும் பெரும்பேறு. ஆயினும் அந்தக் காவலே வம்பும் ஆகும். குஞ்சு காக்கும் மீன் அயலாரைப் பொறாது.

ஆபிரிக்காவின் கிறிபென்சிஸ் மீனை எடுத்துக்கொள்வோம். தென் நைசீரியாவின் ஆறுகளுக்குரிய இது வன்னீரையும் ஓரளவு தாங்கும். கடைகளில் எளிதிற் கிடைக்கும். முட்டையிடுங் காலத்திற் பெண்மீனின் வயிறு செம்பழ நிறங்கொள்ளும். பலரும் இதனையே முதலில் வாங்குக என்பர். எமக்கு அதில் முழு உடன்பாடில்லை. இரண்டடித் தொட்டியில் அது குஞ்சு பொரித்தால், தரையில் வாழும் கொரிடோராஸ் முதலிய மீன்கள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். பல இன மீன்களோடு கலந்து வளர்ப்பதாயின் மூன்றடித் தொட்டியும், மேல்மட்டத்தில் நீந்தும் தோழரும் வேண்டும்.

தென்னமெரிக்க அப்பிஸ்தோகிராம்மா இனங்களுள்ளே கக்கட்டுவோயிடிஸ் என்பது வன்மையுடையது. முதுகுச் செட்டையின் முன்முட்கள் கொக்கற்றூ கிளியின் கொண்டைபோல நிமிர்ந்திருத்தலால் அப்பெயர். ஓர் ஆணுக்கு இரண்டு பெண்களும், பெண்ணொன்றுக்கு ஒவ்வொரு குகையும் வைத்தல் நன்று. குகைக்கு எம்மூர்ச் சிரட்டையினுஞ் சிறந்தது வேறில்லை. அவித்துக் கழுவிய சிரட்டையின் விளிம்பிற் பெருவிரல் நுழையும் வாயிலொன்று வெட்டிக் கவிழ்த்தாற் போதும். தாய்மீன் அதன் கூரையில் முட்டை ஒட்டி, உடல் மஞ்சளாகிக் காவல் நிற்கும். இவ்வினங்களில் நீர் வெப்பமுறக் குஞ்சுகளுள் ஆண்கள் மிகுதல் கூடும் என்று ரோமர், பைசன்ஹெர்ஸ் என்னும் செருமானிய ஆய்வாளர் இருவர் 1996இல் எழுதினர். சித்திரை வெயிலில் இனம் பெருக்க முனைவோர் இதனை மனங்கொள்க.

றாம் மீனையே விரும்புவோர் மாரியை நாடவேண்டும். முதல் மழைகளிற் கூரை கழுவப்பட்ட பின்னர் பிடித்த மழைநீர் இரண்டு பங்குடன் கிணற்று நீர் ஒரு பங்கு கலந்து, ஆறு வாரம் பழகிய தொட்டியில் விட்டால் அது வாழும். தனி மழைநீர் ஆகாது. அமிலத்தைத் தாங்கும் உப்பு அதில் இல்லாமையால் பீ.எச். திடீரெனச் சரிந்துவிடும். வாதுமைச் சருகு போட்டால் வன்னீர் மென்னீராகும் என்று சிலர் சொல்வது பொருந்தாது. நீர் தேயிலைச் சாயம் போலாகுமேயன்றி, கரைந்த கல்சியம் போகாது. இத்தனை பாடு வேண்டாம் என்போர்க்குப் பொலிவிய றாம் உண்டு. நிறம் மங்கல், பொறுமை மிகுதி.

எம் சொந்த மண்ணின் மீனை மறந்துவிடலாகாது. செத்தலுக்குத் தம்பி முறையான மஞ்சள்நிறச் சிறுமீன் ஒன்று இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் களப்புகளிலும் ஆற்றுமுகங்களிலும் வாழ்கின்றது. மூன்று அங்குலம் வளரும். வன்னீரும் உவர்நீரும் அதற்குப் பழக்கம். அதன் குஞ்சுகள் பெற்றோரின் உடலிற் சுரக்கும் வழுவழுப்பையே கொத்தியுண்ணும். மூன்றடித் தொட்டி உடையோர் இதனை வளர்க்கலாம். இதை விட்டுப் பிறநாட்டு மீனைத் தேடி நாம் அலைந்தது எமக்கே நகைப்பாயிருக்கின்றது.

எனினும் இரண்டடித் தொட்டிக்கும் எம் கிணற்றுக்கும் ஒருங்கே பொருந்தியது ஆபிரிக்காவின் தங்கனிக்கா ஏரி மீன்தான். அவ்வேரியின் நீர் வன்னீர், காரநீர், அதன் பீ.எச். ஏறத்தாழ 9. அங்கே இறந்த நத்தைகளின் வெற்றுக்கூடுகள் அடித்தரையிற் குவிந்து கிடக்கும். அவற்றினுட் குடியிருக்கும் மல்ரிபாசியாற்றசு என்னும் வரிமீன், சிக்கிலிட்டுகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஆண் இரண்டங்குலத்தைத் தாண்டுதல் அரிது. பெண் அதனினுஞ் சிறிது. இரண்டங்குலத் தடிப்பில் நுண்மணல் பரப்பி, மீனின் தொகையினும் கூடுதலாக நத்தைக்கூடுகளை இட்டால், அவை மணலை வாயால் அள்ளி அள்ளித் தத்தம் முற்றத்தைத் தாமே அமைக்கும். பொரித்த குஞ்சுகள் பெற்றோரை விட்டு நீங்காமல் ஊராய்ப் பெருகும். மேல்மட்டத்திற் கப்பிகள் நீந்தலாம். அவற்றின் குட்டிகள் சில இரையாகும் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ளல் வேண்டும். வெப்பம் 27 பாகையைப் பெரிதுங் கடவாமல், தொட்டியை வெயிற்படாத பக்கம் வைத்தல் நலம். ஆறு மீனைக் கொழும்பிலிருந்து வருவிப்பது என்று முடிவு செய்தோம்.

அவை வருமுன் செய்யவேண்டியது ஒன்றிருந்தது. வகுப்பில் எழுந்து நின்று, மீன் இறந்தமைக்குக் காரணம் இரையன்று, நீரும் எம் அவசரமுமே என்று விளக்கி, நாம் கடிந்தது பிழை என்றும் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்கின்றோம் என்றும் கூறினோம். ஆசிரியர் கலாசாலையில் இதற்குப் பயிற்சி பெற்றதாக எமக்கு நினைவில்லை; நா எழவே தயங்கிற்று. வகுப்பு அமைதியாயிருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாடம் முடிந்து மணி அடித்த பின்னர் மேசையருகே வந்து நின்று, “சேர், எங்கடை வீட்டுக்குப் பக்கத்துக் குளத்திலை பெரிய நத்தைக்கூடு கிடக்கு. கொண்டு வரட்டோ?” என்று கேட்டான்.

மறுநாட் காலை கடதாசிப் பையொன்றிற் பதினான்கு கூடுகள் கொணர்ந்தான். அவித்துக் கழுவி அவனே மணலில் அடுக்கினான். இன்று அவனும் பழைய மாணவருள் ஒருவன். இம்மலர் அவன் கைக்கும் கிட்டும். அக்கூடுகளிற் பதினொன்று இன்னமும் அத்தொட்டியில் இருக்கின்றன, பதினொன்றிலும் குடியுண்டு.