மூடிய கதவுகள்

சூரத்து யூசுபை மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் போதெல்லாம் நமது பழைய பிழையொன்று நம்முன் வந்து நிற்கும்.

குடமுருட்டிக் கரையிலிருந்த மத்ரஸா ஒன்றில் நாம் பணியாற்றிய காலம். வெளியே சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. மாணவன் ஒருவனின் கிதாபுக்குள் மடித்து வைத்த வண்ணப்படம் கண்ணிற் பட்டது. ஒரு பெண் ஓர் ஆடவரைப் பற்ற முனைகிறாள், அவ்வளவே கண்டோம். வாங்கிக் கிழித்தோம். "ஹஜ்ரத், அது யூசுப் நபி சரிதை" என்றான். கூத்தாநல்லூர்க் கவிஞர் சாரணபாஸ்கரனின் 'யூசுப் ஜுலைகா' காப்பியத்தைப் படித்த ஆர்வத்தால் அதைத் தேடி வைத்திருந்தானாம். நாம் செவிசாய்க்கவில்லை.

பல்லாண்டு கழித்துத் தஞ்சையில், நண்பர் இல்லத்து நூலொன்றில் அதே படத்தைக் கண்டோம். ஹிராத் நகரில் சுல்தான் ஹுசைன் பைகராவுக்காக எழுதப்பட்ட சஅதியின் 'பூஸ்தான்' பிரதியில், 1488இல் ஓவியர் பிஹ்ஸாத் தீட்டியது. இன்று கெய்ரோவில், எகிப்திய தேசிய நூலகத்தில் இருக்கிறது.

இம்முறை நிதானமாகப் பார்த்தோம். முகங்களில் பெருங்கொந்தளிப்பு ஏதுமில்லை. ஜுலைகாவின் வேட்கை முழுவதும் அவள் எழுப்பிய மாளிகையில் இருக்கிறது: அறைக்கு அப்பால் அறை, படிக்கு மேல் படி, எங்கும் அடைத்த கதவுகள், வேறு மனித அரவமே இல்லை. அந்த அறைகளின் சுவர்களில் இருவரும் கூடியிருக்கும் சித்திரங்கள் இருந்தனவென்று மௌலானா ஜாமி தம் காப்பியத்தில் பாடினார். பிஹ்ஸாதோ அவற்றை விடுத்துக் கோலவேலைப்பாடுகளையே தீட்டினார். உள்ளத்து உணர்வை நிலத்தின் மேலேற்றிச் சொல்லும் நம் அகத்திணை மரபை அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று.

திருமறை 12:23இல் அவள் கதவுகளை அடைத்ததைக் குறிக்கும் 'கல்லகத்' என்னும் வினையில் லாம் எழுத்தின் மேல் ஷத்து உண்டு. பலவற்றை, இறுக அடைத்தாள் என்னும் பொருளை அது தரும். ஸர்ஃப் பாடத்தில் எத்தனையோ முறை இதை விளக்கியிருக்கிறோம். அந்த ஒரு ஷத்தின் அழுத்தத்தைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

அதே சூராவில், சட்டை முன்புறம் கிழிந்ததா, பின்புறம் கிழிந்ததா என்று பார்த்த பின்னரே தீர்ப்புச் சொல்லும்படி சாட்சி ஒருவர் வழிகாட்டுகிறார். அதை ஓதிக்கொடுத்த நாமோ பாராமலே தீர்ப்புச் சொன்னோம், கிழித்ததும் நாமே.

உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கு நாம் ஆராயவில்லை. அப்படத்தைச் சுவரில் மாட்டவும் நாம் துணியோம். ஆயினும் விசாரியாமல் தண்டித்தது நீதியாகாது.

மறு ஆண்டு அம்மாணவன் ஓத வரவில்லை. இவ்வெழுத்து அவன் கண்ணிற் படுமாயின், நம்மை மன்னித்து நமக்காக ஒரு துஆச் செய்வானாக.