ஓடாத ஃபேக்டரி

போபால் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம் 'கார்பைட்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விலாசம் கேட்கமாட்டார். "அங்கே துருதான் இருக்கு சாப், ஏரியைப் பாருங்க" என்றார் என் ஆட்டோக்காரர். போபால் ஏரி அழகுதான். ஆனால் நான் பார்க்க வந்தது அந்தத் துருவைத்தான்.

ஒரு பக்கம் ஜே.பி. நகர் வீடுகள். எதிரே மதில் சுவர், அதற்கு மேலே துருப்பிடித்த இரும்புக் கூடு. சாலையோரம் கைக்குழந்தையோடு ஒரு தாயின் சிலை.

1984 டிசம்பர் 2 ராத்திரி ஃபேக்டரி படுவேகமாக ஓடியதால்தான் விபத்து என்று நினைக்கிறோம் இல்லையா? அதுதான் கிடையாது. மீத்தைல் ஐசோசயனேட் தயாரிப்பு அக்டோபரிலேயே நின்றாச்சு. தயாரித்ததில் சுமார் 40 டன் ஒரு தொட்டியில் இருந்தது.

நின்றுபோன இடத்துக்குக் காவல் எதற்கு என்ற அலட்சியம்! தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரம் ஜூன் மாதமே நிறுத்தம். கசியும் வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் தயார் நிலையில் இல்லை. வாயுவை எரிக்கும் ஃப்ளேர் டவரில் ஒரு குழாயே இல்லை, ரிப்பேருக்காகக் கழற்றியிருந்தார்கள். மூன்று காவல்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் லீவு.

அன்று குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கழுவுவதற்கு முன்னால் குழாய் இணைப்பில் ஒரு இரும்புத் தகடு செருகி வழியை அடைக்கவேண்டும். இதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். அதைச் செருகவில்லை. தண்ணீர் அந்த வழியாகத்தான் போனது என்றார்கள் தொழிலாளர்கள். நாசவேலை என்றது கம்பெனி. எப்படியோ, தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அரசின் முதல் கணக்கிலேயே சாவு 2,259.

அந்த வளாகத்தில் கிடந்த 337 டன் விஷக் கழிவை பீதம்பூருக்கு லாரி ஏற்றியது 2025 ஜனவரியில். நாற்பது வருஷம்!

இன்றைக்கு ஒழுங்கான கம்பெனிகளில் ஷட்டவுன் என்றால் முதலில் பிளைண்ட். வால்வுக்குப் பூட்டு, சாவி வேலை செய்கிறவர் பாக்கெட்டில். உள்ளே காற்றைச் சோதித்த பிறகே பெர்மிட்டில் கையெழுத்து. எல்லாம் சேர்ந்து அரை நாள்கூட ஆகலாம். அந்த அரை நாளை மிச்சம் பிடிக்கச் சொல்லி மேலே இருந்து போன் வரும். நம் மாதிரி ஆபீஸ் ஆசாமிகளிடமிருந்துதான் வரும்!

"மெஷின்தான் ஓடலியே, என்ன ஆகிடப் போகுது?" என்று யாராவது கேட்டால், போபாலுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.