ஆற்றுப்படுத்தும் அறைக்குச் செல்லுமுன்

'கவுன்சிலிங்' என்றவுடன் நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு நினைவில் எழுவது பொறியியல் கலந்தாய்வுதான். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று பெற்றோர் கவலையோடு காத்திருக்கும் நாள்கள் அவை. ஆனால் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. அதனை எடுத்துரைக்கும் தேவை, கல்வராயன் மலையைச் சேர்ந்த மாணவர் ஒருவரால் எங்களுக்கு நேர்ந்தது.

நாங்கள் இருவரும் மலையில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் எங்களிடம் பயின்றவர் அவர். புளியும் கடுக்காயும் சேகரித்து விற்கும் அவருடைய குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதற்பிள்ளை. விடுமுறைக்கு வந்தவர், திரும்பிச் செல்ல மனமின்றி எங்கள் இல்லம் வந்தார். "ஐயா, இரவில் தூக்கமே இல்லை. வகுப்பில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது. படிப்பை விட்டுவிடலாமென்று இருக்கிறேன்" என்றார். "கவுன்சிலரைப் பார்த்தாயா, தம்பி?" என்று வினவினோம். "கவுன்சிலிங்தான் போன வருஷமே முடிந்துவிட்டதே, ஐயா!" என்றார். இது நகைப்பதற்குரிய மறுமொழியன்று. தமக்கென ஓர் உதவி அங்கே காத்திருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே இதன் பொருள்.

உடன் வந்த தாயார் கலங்கினார். "பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று ஊர் பேசுமே, டீச்சர்?" என்றார். இப்பணிக்குத் தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்று அழகிய பெயருண்டு. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிர்ப்படும் வறியவருக்கு வழி கூறுவது ஆற்றுப்படை. நம் மலைக்கு வடக்கேயுள்ள செங்கத்து நன்னனிடம் கூத்தரை அனுப்பும் மலைபடுகடாமும் அவ்வகை நூலே. வழி கேட்பவரை யாரேனும் பித்தர் என்பரோ? இவ்வாறு சொன்னபின் தாயாரின் முகம் சற்றே தெளிந்தது.

பின்னர் மூவருமாக அமர்ந்து மின்னஞ்சல் ஒன்றை வரைந்தோம். பெயர், துறை, பதிவு எண், வகுப்பில்லாத நேரங்கள், தமிழில் பேச விருப்பம் ஆகிய இவ்வளவே அதில் இருந்தன. துன்பம் முழுவதையும் எழுத வேண்டுவதில்லை. 'உறக்கமின்மையும் பதற்றமும்' என்ற ஒரு வரி போதும். மலையில் பல இடங்களில் கைப்பேசி எட்டாது; ஆகவே மாணவரின் இசைவோடு எங்கள் எண்ணையும் சேர்த்தோம். இரண்டு நாளில் மறுமொழி வந்தது. கட்டணம் ஏதுமில்லை.

செல்லுமுன் ஒரு தாளில் சிலவற்றைக் குறித்துக்கொள்ளச் சொன்னோம். துன்பம் எப்போது தொடங்கியது? உறக்கமும் உணவும் எவ்வாறு உள்ளன? உட்கொள்ளும் மருந்துகள் எவை? எது மாறினால் நிம்மதி கிட்டும்? நேரில் நா எழாவிடினும் தாள் பேசும். முதற்சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகளே இருக்கும். ஒரே அமர்வில் தீர்வை எதிர்பார்த்தல் ஆகாது. ஆற்றுப்படுத்துநர் மருந்து எழுதுபவரல்லர். தேவையெனில் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

"சொன்னது வெளியே போகுமா?" என்பதே அவருடைய பேரச்சம். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்திற்கு விலக்கே இல்லை என்பதை நாம் அறிவோம். ஆற்றுப்படுத்துநரும் இரகசியம் காப்பவரே. எனினும் உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் காப்பாற்றத் தேவையானதை உரியவரிடம் சொல்ல நேரும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் நோயாளியின் இரகசியத்தை உரிமையாக்கி, இத்தகைய விலக்குகளையும் கூறுகின்றது. யாரிடம், எதைச் சொல்வீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடும்படி அவருக்குக் கூறினோம்.

செபித்தால் போதாதா என வினவிய பங்கு மக்களும் உண்டு. காய்ச்சல் கண்ட பிள்ளைக்காகச் செபிக்கும் நாம், மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்கின்றோம் அல்லவா?

அம்மாணவர் சென்றார். முதல்நாள் பாதி நேரம் அழுததாகவும், அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்ததாகவும் தொலைபேசியில் கூறினார். மூன்று அமர்வுகள் முடிந்துள்ளன. உறக்கம் முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் வகுப்புக்குச் செல்கின்றார்.

சந்திப்பு நாள்வரை பொறுக்கவியலாத துயரமும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் நாள் குறித்துக் காத்திருத்தல் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளையைத் தனியே விடாது அருகிலிருத்தலும் அப்போது நம் கடமையாகும்.

நூறு மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென உச்சநீதிமன்றம் 2025 சூலையில் நெறிமுறை வகுத்துள்ளது. ஆகவே பெற்றோர்களே, சேர்க்கை நாளில் விடுதிக் கட்டணத்தை விசாரிக்கும்போதே, ஆற்றுப்படுத்துநரின் அறை எங்கே என்றும் கேட்டுவையுங்கள். பிள்ளையும் அருகில் நின்று அதைக் கேட்கட்டும்.