ஒரு வாய்ச் சோறு

காவிரிப் படுகையில் ஒருவரையொருவர் காணும்போது, மற்ற நலங்களைக் கேட்பதற்கு முன் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதே வழக்கம். நெல் விளையும் மண்ணில் சோறே நலத்தின் அளவுகோல். குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தால் தாயின் கைராசி என்பர். மெலிந்திருந்தால் அவள் கவனிப்பதில்லை என்பர். இத்தகைய ஊரில், உண்ண மறுக்கும் குழந்தையை வளர்ப்பது எத்தகைய சுமை என்பதைச் சுமந்தவரே அறிவர். அச்சுமை எங்களுக்கு வாய்த்தது. அதனால் நாங்கள் கற்றவை, அதே நிலையிலுள்ள பெற்றோருக்குப் பயன்படலாம் என்னும் எண்ணத்தில் இதனை எழுதுகிறோம்.

எங்கள் மகன் 29 வாரத்தில் பிறந்தான். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காக இணைத்துச் செய்யும் திறன், ஏறத்தாழ 34 வாரம் நிறையும்போதுதான் குழந்தைக்குக் கைகூடுகிறது. எனவே, மூக்கின் வழியாக இரைப்பைக்குச் செலுத்திய மெல்லிய குழாயின் மூலமே தாய்ப்பால் சென்றது. அக்குழாயே அவனை உயிரோடு வைத்தது. நுரையீரல் நலிவு நீடித்தமையால், ஒன்றரை வயது ஆகியும் அதனை எடுக்க இயலவில்லை. அத்தனை மாதங்களாக அவன் முகத்தருகே வந்தவை குழாயும், அதனை ஒட்டும் பட்டையும், சளி உறிஞ்சும் கருவியுமே. வாயின் வழியே இன்பமும் வரும் என்பதை அறிய அவனுக்கு வாய்ப்பே இல்லை. கரண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பினான்; சோற்றின் ஆவி பட்டாலே குமட்டினான்.

"பசித்தால் தன்னால் தின்பான்" என்றனர் உறவினர். பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயினும், உண்ணுதல் பசியால் மட்டும் நிகழ்வதன்று. ஒரு கவளத்தை விழுங்க இருபதுக்கும் மேற்பட்ட தசைகள் ஒத்து இயங்க வேண்டும். அதனைப் பயில வேண்டிய பருவத்தில் பயிலாத குழந்தைக்குப் பசியைவிட அச்சமே பெரிது.

வயிற்றில் துளையிட்டு நிலையான குழாய் பொருத்தலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அதற்கு முன் தீவிர உணவூட்டுப் பயிற்சி அளித்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். தொலைவிலுள்ள நகரத்து மருத்துவமனை ஒன்றில் மூன்று வாரம் தங்கினோம். விழுங்கும்போது உணவு மூச்சுக்குழலில் இறங்குகிறதா என்பதை முதலில் ஆராய்ந்து, ஆபத்தில்லை என்று உறுதி செய்தனர். அதன்பின் நாளொன்றுக்கு நான்கு வேளை பயிற்சி. ஒரு வேளை 20 நிமிடத்தைத் தாண்டலாகாது. நேராக அமர்த்தி, பாதங்கள் பலகையில் பதியுமாறு வைப்பார்கள். உடல் நிலைகொள்ளாமல் வாய் நிலைகொள்ளாது என்று விளக்கினார் பயிற்சியளித்த பெண்மணி.

முதல் மூன்று நாள் எதையும் ஊட்டவில்லை. தட்டில் பரப்பிய நொய்க்கஞ்சியில் அவன் விரலால் கோடு இழுத்தான். வெறுங்கரண்டியைக் கையில் கொடுத்தனர். அவனாகவே அதை உதட்டுக்குக் கொண்டுபோன பிறகே அதன் நுனியில் தயிர் ஏறியது. "திணிக்காதீர்கள் அம்மா, கெஞ்சவும் வேண்டாம். இருவரும் அவன் எதிரில் அமர்ந்து நீங்கள் சாப்பிடுங்கள்" என்பதே எங்களுக்கு இடப்பட்ட கட்டளை. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் அறிஞர் எலின் சாட்டர் வகுத்த நெறி உலகெங்கும் அறியப்பட்டது. நிலவைக் காட்டிக் கதை சொல்லி ஊட்டிப் பழகிய நம் குடும்பங்களுக்கு இந்நெறி எளிதன்று. உடன் வந்திருந்த அப்பாயி, பிசைந்த பருப்புச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு மௌனமாக அமர்ந்திருந்தது எங்கள் கண்ணில் இன்றும் நிற்கிறது.

பசி தோன்றுவதற்காக, மருத்துவரின் கண்காணிப்பில் குழாய்ப் பாலைப் படிப்படியாகக் குறைத்தனர். நாள்தோறும் காலையில் எடை பார்த்தனர். எட்டாம் நாளில் 200 கிராம் குறைந்திருந்தது. இன்னும் நூறு கிராம் இறங்கினால் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும் என்று மருத்துவர் கூறிய அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை; ஒருவரோடொருவர் பேசவும் இல்லை. பதினோராம் நாள், அப்பாயியின் விரலில் ஒட்டியிருந்த பருப்புச் சோற்றை அவன் குனிந்து நக்கினான். குமட்டினான், ஆனால் துப்பவில்லை. எவரும் கைதட்டக்கூடாது என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். அப்பாயி கண்ணீரை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மறு கையால் தம் சோற்றைத் தொடர்ந்து உண்டார்.

மூன்று வாரம் முடிந்தபோது வேளைக்கு ஆறு கரண்டி உண்டான். குழாய் உடனே நீங்கிவிடவில்லை. வீட்டில் மேலும் ஐந்து மாதப் பயிற்சிக்குப் பிறகே நீங்கியது. இன்றும் அவனுக்குக் கீரை ஆகாது. கட்டியான உணவைக் கண்டால் தயங்குவான். ஆயினும் குடும்பத்தோடு அமர்ந்து உண்கிறான்.

நட்ட நாற்று முதல் சில நாள் வெளிறித் துவண்டுதான் கிடக்கும். வேர் பிடித்ததா என்று எந்த உழவரும் அதைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை. தண்ணீரைக் கட்டிவைத்து, பச்சை பிடிக்கும்வரை காத்திருக்கிறார். அக்காத்திருப்பும் உழவுத் தொழிலின் பகுதியே. தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகளை உயிர்ப்பித்த இயேசு, அடுத்துச் சொன்னது அவளுக்கு உண்ணக் கொடுக்க வேண்டும் என்பதே. அப்பகுதியை ஆலயத்தில் வாசிக்கக் கேட்கும்போதெல்லாம், அவ்வீட்டில் ஊட்டிய கையை எண்ணிக்கொள்கிறோம்.

உணவூட்டும்போது குழந்தைக்கு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தாலும், ஒவ்வொரு வேளையும் அரைமணிக்கு மேல் நீண்டாலும், எடை ஏறாமல் நின்றாலும் காலந்தாழ்த்தாமல் குழந்தை மருத்துவரை நாடுக. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்காக மாவட்டங்களில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்படுகின்றன. அரசு மருத்துவமனையில் விசாரித்தால் வழிகாட்டுவர். குழாய்ப் பாலை வீட்டிலேயே தாமாகக் குறைக்க எவரும் முற்படலாகாது.

உற்றார்க்கும் ஒரு வேண்டுகோள். மெலிந்த குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாயிடம், "பிள்ளை ஏன் இப்படி இருக்கிறான்?" என்று கேட்காதீர்கள். பல நாள் அவள் இலையில் அமர்ந்தே இருக்கமாட்டாள். அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். பிள்ளையைச் சற்று நேரம் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.