ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை
(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

சிலருக்குப் பூக்கள் பிடிக்கும். சிலருக்குப் பாட்டு பிடிக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் பிடித்தது கார். கார் வைத்திருந்த வீட்டுப் பிள்ளையல்லன் நான். என் தந்தையார் பட்டறை ஒன்றில் மெக்கானிக். அம்பாசிடரின் அடியில் படுத்தபடி அவர் கேட்கும் ஸ்பானரை எண் பார்த்து எடுத்துக் கொடுத்ததே என் அரிச்சுவடி. அந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. என் ஆசை நிற்கவில்லை.

"படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய்?" என்று அப்பா கேட்டார்.

"கார்களைப் பற்றி எழுதப் போகிறேன்."

"கார் வாங்க வழியில்லாதவன் எழுதினால் எவனடா படிப்பான்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். இதற்கு விடை தேடியபோதுதான் டெனிஸ் ஜென்கின்சன் என்ற ஆங்கிலேயரைப் பற்றி அறிந்தேன்.

1920-இல் பிறந்த அவர் குள்ளமான உருவமும் நீண்ட தாடியும் உடையவர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராது என்று மறுத்து, ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். பிறகு 'மோட்டார் ஸ்போர்ட்' இதழின் செய்தியாளராகி, ஐரோப்பாவின் பந்தயக் களங்களையெல்லாம் சுற்றி வந்தார். அவர் வாழ்ந்ததோ மின் இணைப்புகூட இல்லாத ஒரு குடிலில்! 1949-இல் எரிக் ஓலிவர் ஓட்டிய பக்கவண்டி மோட்டார் சைக்கிளில் உடன் சென்று உலகப் பட்டத்தில் பங்கு பெற்றவரும் அவரே.

அவர் புகழின் சிகரம் 1955 மே 1. இத்தாலியில் பிரெசியா நகரில் புறப்பட்டு, ரோம் சென்று, மீண்டும் பிரெசியா திரும்பும் 'மில்லெ மில்லியா' பந்தயம். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர், அத்தனையும் ஊர்களுக்கு நடுவே ஓடும் சாதாரணச் சாலைகள். மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். காரை ஓட்டியவர் ஸ்டர்லிங் மாஸ். பக்கத்தில் ஜென்கின்சன். வளைவுகளையும் மேடுகளையும் முன்கூட்டியே பார்த்துக் குறித்து, ஏறத்தாழ 18 அடி நீளக் காகிதச் சுருளாக்கி, ஒரு பெட்டிக்குள் உருட்டி வைத்திருந்தார். இயந்திர இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஆகவே கைச்சைகையாலேயே வழி சொன்னார். வழியில் குமட்டி வாந்தி எடுக்கையில் மூக்குக் கண்ணாடி காற்றோடு போயிற்று. கையிலிருந்த மாற்றுக் கண்ணாடியை அணிந்து தொடர்ந்தார். 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் வென்றார்கள். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை மாஸ் தம் கண்ணால் கண்டு ஓட்டவில்லை. பக்கத்தில் இருந்தவரின் கையை நம்பி ஓட்டினார். வெற்றியில் பாதி அந்தக் காகிதத்துக்கு உரியது என்பேன்.

ஆயினும் நண்பர்களே, இக்கதையை இத்துடன் முடித்தால் அது பொய்யாகிவிடும். அதே ஆண்டு ஜூன் 11-இல், அதே வகைக் கார் ஒன்று ஃபிரான்சின் லெ மான் பந்தயத்தில் கூட்டத்தின் மீது சிதறி, எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1957-இல் மில்லெ மில்லியாவிலேயே ஒரு கார் தடம் மாறிப் பாய்ந்து, காரில் இருந்த இருவரையும் பார்வையாளர் ஒன்பது பேரையும் பலிகொண்டது. அவர்களில் ஐவர் குழந்தைகள். சாலை வேகப் பந்தயமாக அது நடந்தது அத்துடன் முடிந்தது.

இவ்வளவும் அறிந்த பிறகு காரை நேசிக்கலாமா? பல நாள் இக்கேள்வி என்னைக் குடைந்தது. எங்கள் பட்டறைக்கு விபத்து வண்டி வந்தால், அப்பா முதலில் இருக்கையில் உறைந்திருக்கும் கறையைத் தாமே தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். உதவியாளரிடம் அந்த வேலையை விடமாட்டார். பிறகுதான் கருவிகளைத் தொடுவார். அன்றும் வண்டியை வெறுக்கமாட்டார். கறையைக் காணாதது போலவும் நடிக்கமாட்டார். எழுதுகிறவனுக்கும் வேண்டியது இந்த ஒழுங்குதான் என்று தெளிந்தேன்.

ஜென்கின்சன் 1996-இல் மறையும் வரை மோட்டார் உலகையே தம் உலகமாகக் கொண்டிருந்தார். வண்டியின் சொந்தக்காரன் அதன் விலையை அறிவான். ஓட்டுநன் அதன் வேகத்தை அறிவான். பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறவனே சாலை முழுவதையும் அறிவான்.

தமிழில் இதற்குச் சொல் உண்டா என்று ஐயுறுவோர் பட்டறைக்கு வரட்டும். 'வண்டி இழுக்கவில்லை', 'புகை தள்ளுகிறது', 'ஸ்டியரிங் ஒரு பக்கம் வாங்குகிறது' என்று நோயறிந்து பேசும் தமிழ் அங்கே நாள்தோறும் ஒலிக்கிறது. அச்சொற்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். இதுவரை நாற்பது பக்கங்கள் ஆகியுள்ளன. ஐயம் வரும் சொற்களுக்கு அப்பாதான் பொருள் சொல்கிறார். போன வாரம் நான் கேட்காமலே இரண்டு சொல் கூடுதலாகச் சொன்னார்.